ஈய முத்திரையில் எழுத்து புரியவில்லையா?

பழைய ஈய முத்திரை கிடைத்தால் எழுத்தோடு மல்லுக்கட்டுவதற்கு முன் அதன் உடலமைப்பைப் பாருங்கள். பாதி அடையாளம் அங்கேயே கிடைத்துவிடும். இரண்டு வட்டத் தகடுகளை ஒரு பட்டை இணைத்திருந்தால் அது பெரும்பாலும் ஐரோப்பியத் துணி மூட்டை முத்திரை; ஊர்ச் சின்னமோ நெசவாளர் குறியோ இருக்கும். ஒரே வில்லையின் குறுக்கே நூல் போகும் துளை இருந்தால் அது கடிதம், ஆவணம், சரக்கு என எதிலும் தொங்கியிருக்கலாம். ஒரு பக்கம் இரு தாடிக்காரர்களின் தலை, மறுபக்கம் ஒரு பெயர் என்றால், போப்பாண்டவரின் முத்திரையாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தலைகள் புனித பேதுருவும் பவுலும்.

அப்புறம் எழுத்து. விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்து, முத்திரையை மெல்லச் சுழற்றிச் சுழற்றிப் படம் எடுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத கோடுகள் நிழலில் எழும்பும். படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பியும் பாருங்கள். அச்சைத் தப்பாக வெட்டியவர்கள் அந்தக் காலத்திலும் உண்டு! Я, Ж, И தெரிந்தால் ரஷ்யப் பக்கம் தேடலாம். Θ, Ω தெரிந்தால் கிரேக்கம், ஒருவேளை பைசாந்தியம் (கிழக்கு ரோமப் பேரரசு).

யாரிடமாவது கேட்பதானால் இருபக்கப் படம், விட்டம், எடை, கிடைத்த இடம் நான்கையும் கொடுங்கள். பளபளப்பாக்கச் சுரண்டாதீர்கள், வினிகர் கூடவே கூடாது. மரப்பெட்டியிலும் வைக்க வேண்டாம், மரத்தின் அமில ஆவி ஈயத்தை வெண்பொடியாக்கும். தொட்ட கையைக் கழுவிவிடுங்கள்.