200 நிமிடக் கணக்கு: வந்து சேரும் ஆட்டக்காரரை எடைபோடுவது எப்படி

மதுரையில் சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேறும் சமயத்தில்தான், அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்து அணிகளில் ஆள் மாறும் கூத்து உச்சத்தில் இருக்கும். என் அண்ணன் மகன் கெயின்ஸ்வில்லில், ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். நான் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைக்குக் கணக்கெழுதப் புறப்படுவதற்குள் அவனிடமிருந்து போன் வந்துவிடும். "அத்தே, இன்னொரு ஆள் வர்றான். ஆட்டத்துக்குப் பதினேழு பாயிண்ட்!" வருகிறவர்களின் பாயிண்டையெல்லாம் கூட்டி, மே மாதத்திலேயே கோப்பையை வாங்கி வைத்துவிடுவான்.

பாயிண்டைக் கூட்டக்கூடாது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கூட்ட வேண்டியவை வேறு.

பின்னணி கொஞ்சம். முன்பெல்லாம் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். 2018 அக்டோபரில், கல்லூரி மாற நினைப்பவர்கள் பெயர் பதியும் இணையப் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021-ல் முதல் மாற்றத்துக்கு மட்டும் அந்த ஒரு வருடக் காத்திருப்பை எடுத்துவிட்டார்கள். 2024-ல், படிப்பில் தேறியிருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. நடுவில் 2021 ஜூலையிலிருந்து ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கவும் வழி பிறந்தது. ஆக, ஒவ்வொரு கோடையிலும் பாதி அணி புதுசு.

சரி, நோட்டை எடுங்கள். கல்லூரி ஆட்டம் 40 நிமிடம், களத்தில் ஐந்து பேர். மொத்தம் 200 நிமிடம். அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட எவராலும் வாங்க முடியாது. பழைய அணியிலிருந்து தங்கியவர்களை முதலில் எழுதி, ஒவ்வொருவருக்கும் எத்தனை நிமிடம் என்று போடுங்கள். மிச்சம் எவ்வளவோ அதுதான் புது ஆட்களுக்கு. முப்பது நிமிடம் ஆடிப் பழகிய நான்கு பேர் வருகிறார்கள், மிச்சமிருப்பது எண்பது நிமிடம்தான் என்றால், யாரோ ஒருத்தர் டிசம்பரில் பெஞ்சில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அடுத்தது பந்து. பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் சுமார் 70 தடவை பந்து கிடைக்கும். அந்த ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் கையில் முடியும். ஓர் ஆட்டக்காரரின் ஷாட் எண்ணிக்கை, ஃப்ரீ த்ரோவில் (எதிரணி ஃபவுலுக்காகத் தடுப்பில்லாமல் போடும் ஷாட்) பாதி, டர்ன்ஓவர் (ஷாட் போடாமலே பந்தை எதிரணியிடம் விட்டது), மூன்றையும் கூட்டினால் அவர் எத்தனையை முடித்தார் என்று தோராயமாகத் தெரியும். 14 ஷாட், 6 ஃப்ரீ த்ரோ, 3 டர்ன்ஓவர் என்றால் 14+3+3, அதாவது இருபது. இப்படி மூன்று பேரை வாங்கினால் அறுபது போயிற்று. மற்ற எல்லோருக்கும் சேர்த்துப் பத்து! ஷாட் தவறி விழுந்த பந்தைத் திரும்ப எடுக்கும் அணியாக இருந்தால் கொஞ்சம் கூடும், ஆனால் கணக்கு மாறாது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவள். 1994-ல் எங்கள் கல்லூரி அணிக்கு நான் பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய்ப் பிரித்துக் கொடுப்பவள். வேறு கல்லூரிகளில் வெளுத்து வாங்கிய மூன்று பேர் அந்த வருடம் மேற்படிப்புக்கு எங்களிடம் சேர்ந்தார்கள். ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் முதல் ஆட்டம். மூன்று பேரும் மூன்று மூலையில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க, யாருக்குக் கொடுத்தாலும் மற்ற இரண்டு பேர் முறைக்க, முதல் சுற்றிலேயே மூட்டை கட்டினோம். அதில் ஒருத்தி, "பந்தே கைக்கு வரல"ன்னு பஸ் ஸ்டாப் வரைக்கும் அழுதுகொண்டு வந்தாள்.

2025 கோடையில் மருமகனோடு பெரிய சண்டையும் இதில்தான். அந்த ஏப்ரலில் தேசியக் கோப்பை வென்ற ஃப்ளோரிடா அணியில், பந்தைக் கொண்டுபோகும் கார்டுகள் மூன்று பேர் படிப்பு முடிந்து போய்விட்டார்கள். பிரின்ஸ்டனிலிருந்து சேவியன் லீ, ஆர்கன்சாவிலிருந்து பூகி ஃப்ளாண்ட் வந்தார்கள். இருவருமே முந்தைய அணியில் ஆட்டத்துக்கு ஐந்துக்கு மேல் அசிஸ்ட் (அடுத்தவர் கூடை போட வழிசெய்யும் பாஸ்) கொடுத்தவர்கள். "ரெண்டு பேரும் சேர்ந்தா பத்து அசிஸ்ட் அத்தே" என்றான். அடேய், பந்து ஒன்றுதானேடா? ஒருவர் கொண்டுபோகும்போது மற்றவர் பந்தில்லாமல் என்ன செய்வார், கோட்டுக்கு வெளியே நின்று த்ரீ பாயிண்டர் போடுவாரா என்று பார் என்றேன். அதற்குப் பதில் இல்லை. போனை வைத்துவிட்டான்.

எதிரி யார் என்று பார்ப்பது இன்னொன்று. சின்ன ஊர் மஞ்சுவிரட்டில் பிடிபடாத மாடு, அலங்காநல்லூர் வாடிவாசலில் என்ன செய்யும் என்று யாரும் முன்கூட்டி அடித்துச் சொல்ல மாட்டார்கள். சின்ன லீக் அணிகளும் நவம்பர், டிசம்பரில் பெரிய அணிகளோடு நாலைந்து ஆட்டம் ஆடும். வருட சராசரியை விட்டுவிட்டு அந்த ஆட்டங்களை மட்டும் தேடிப் படியுங்கள். டால்டன் கெனெக்ட் வடக்கு கொலராடோவில் ஆட்டத்துக்கு இருபது பாயிண்ட் எடுத்து, டென்னசிக்கு வந்த பிறகும் குறையாமல் 21.7 எடுத்தார். அப்படி ஆட்கள் உண்டு. எல்லோரும் கெனெக்ட் இல்லை.

த்ரீ பாயிண்டர் சதவீதத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஐம்பது அறுபது ஷாட்டில் நாற்பது சதவீதம் அதிர்ஷ்டத்திலும் வரும். ஃப்ரீ த்ரோவையும் சேர்த்துப் பாருங்கள். அதிலும் தடுமாறுகிறவர் என்றால் எனக்குச் சந்தேகம்தான். உயரமான ஆட்களுக்கு ஃபவுல் கணக்கு. 18 நிமிடத்தில் மூன்று ஃபவுல் செய்கிறவருக்கு முப்பது நிமிடம் எழுதினால் ஐந்தாவது ஃபவுலும் விழுந்து வெளியே போய்விடுவார்.

மருமகன் சும்மா இருப்பானா? "அப்போ ஃப்ளோரிடா மட்டும் எப்படி ஜெயிச்சது? தொடக்க ஐந்து பேர்ல நாலு பேர் வேற காலேஜ்ல இருந்து வந்தவங்க" என்றான். உண்மைதான். 2025 ஏப்ரலில் ஹூஸ்டனை 65-63 என்று வென்ற அந்த இறுதி ஆட்டம் நமக்குச் செவ்வாய்க்கிழமை காலை. இட்லிப் பானை அடுப்பில் இருக்க, பன்னிரண்டு பாயிண்ட் பின்தங்கியிருந்தவர்கள் ஏறி வந்ததைப் பார்த்தேன். ஆனால் அவர்கள் ஒரே நாளில் கொள்முதல் செய்தவர்களா? பெல்மாண்டிலிருந்து வில் ரிச்சர்ட் வந்தது 2022-ல். அயோனாவிலிருந்து வால்டர் கிளேட்டன் 2023-ல். அலிஜா மார்ட்டினும் ரூபன் சின்யேலுவும் 2024-ல். அலெக்ஸ் காண்டன் முதல் வருட மாணவனாகவே அங்கே சேர்ந்தவர். ஒரே கோடையில் வாங்காமல் மூன்று கோடையாகச் சேர்த்து, இருப்பவர்களோடு பழகவிட்டார்கள்.

கென்டக்கியையும் அவன் இழுத்தான். அதே சீசனில் புதுப் பயிற்சியாளர் மார்க் போப் அணி முழுவதையும் புதிதாகக் கட்டி, தேசியக் கோப்பைப் போட்டியில் கடைசிப் பதினாறு அணி வரை வந்தார். அதுவும் நல்ல வேலைதான், மறுக்கவில்லை. எனக்கு என்னவோ ஃப்ளோரிடாவின் வழிதான் பிடித்திருக்கிறது.

பணத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நோட்டில் ஏற்றாதீர்கள், பாதி வதந்தி. வருகிறவருக்கு இன்னும் எத்தனை வருடம் ஆட உரிமை இருக்கிறது என்பதை மட்டும் பெயருக்குப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் பென்சிலால் எழுதுங்கள். தொழில்முறை லீக்கான என்பிஏ புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தவர்கள் மே கடைசியில்கூட மனம் மாறித் திரும்புவார்கள். 2025-ல் காண்டன் அப்படித்தான் திரும்பினார். அழகர் ஆற்றில் இறங்கி, மலைக்கும் திரும்பிவிடுவார். அப்போதும் என் நோட்டில் 200-க்குப் பதினைந்து நிமிடம் இடிக்கும். அழித்துவிட்டு மறுபடி கூட்டுவேன்.