விசையைத் தொடாமலே வெடிக்கும் ரவை

"துப்பாக்கி தவறுதலாக இயங்கியதில் காவலர் காயம்" என்ற செய்தியை வாசிக்கும்போது, விரல் விசையில் கிடந்திருக்கும் என்றே எண்ணிக்கொள்கிறோம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆயினும் விரல் எங்கோ இருக்க, ரவையைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் போல்ட் மூடும் கணத்திலேயே ரவை வெடிப்பதும் உண்டு. எஸ்.கே.எஸ்., ஏ.ஆர்.-15 போன்ற அரைத்தானியங்கித் துப்பாக்கிகள் பலவற்றிலும், நம் நாட்டில் யாவரும் அறிந்த ரி-56 இலும், ரவையைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசியான ஃபயரிங் பின்னைப் பின்னிழுத்து வைக்கும் சுருள் கிடையாது. ஆகவே போல்ட் வேகமாகச் சென்று மூடியதும் அந்தப் பின் தன் உந்தத்தாலேயே முன்னே போய், ரவையின் அடியில் தட்டினால் பற்றும் சிறு கிண்ணமான பிரைமரைத் தட்டும். ஏ.ஆர்.-15 இல் இத்தட்டைக் குறைப்பதற்காகவே 1960களில் பின்னின் எடையைக் குறைத்தார்கள்.

திருகோணமலையில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. வாடைக்காலத்து உப்புக்காற்றுக்குப் பயந்து எண்ணெயை அள்ளிப் பூசுகிறோம். அது போல்ட்டுக்குள் இறங்கித் தூசியோடு பிசினாகி, பின்னை முன்பக்கமாகவே ஒட்டிவைத்துவிடுகிறது. அப்படியான துப்பாக்கி, ரவைக்கூடு காலியாகும்வரை தானாகவே சுட்டுத் தீர்க்கவும் கூடும். எனவே ரவைகளை அகற்றி, சேம்பர் (குழலில் ரவை அமரும் அறை) வெறுமையாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்தபின், போல்ட்டைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பாருங்கள். ஃபயரிங் பின் உள்ளே கடகடவென்று ஆடும் ஓசை தெளிவாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பின்னை வெளியே எடுத்து, அதன் துளையைக் கழுவி, எண்ணெயின்றி உலர விடுங்கள். எண்ணெய் வெளி உலோகத்துக்கு மெல்லிய பூச்சாக இருந்தால் போதும். ரவைகளில் அது படவே கூடாது, பிரைமருக்குள் ஊறினால் மருந்து கெட்டுவிடும்.

ரவையைத் தெரிவதில் முதலில் பார்க்க வேண்டியது பிரைமர். இராணுவத் தரத்து ரவைகளில் அது எளிதில் பற்றாதபடி அமைக்கப்படுகிறது; வேட்டைக்கும் இலக்குச் சூட்டுக்கும் விற்கப்படும் சிலவற்றில் பிரைமரின் கிண்ணம் மென்மையானது, இலேசான தட்டுக்கும் பற்றிவிடலாம். வெற்றுக் கோதில் மீண்டும் மருந்திட்ட ரவையானால், பிரைமர் கோதின் அடிப்பரப்புக்குச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். உருக்கு அடிமட்டம் ஒன்றைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். பிரைமர் இம்மியளவு துருத்தினாலும் அந்த ரவையை ஒதுக்கிவிடுங்கள். விலை மலிவு என்பதற்காக இதில் விட்டுக்கொடுக்க நான் ஒருபோதும் சம்மதித்ததில்லை.

நான் பயிற்சி கொடுத்த காவற்பிரிவு ஒன்றில், கடமை மாறும்போதெல்லாம் ரவையை இறக்கி, அதையே மறுபடி ரவைக்கூட்டின் மேலே வைத்து ஏற்றுவது வழக்கமாக இருந்தது. ஒருநாள் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பிரைமரின் நடுவில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பல குழிகள், ஊசியால் குத்தியவை போல. ஒருமுறை ஏற்றினால் சிறு குழி விழுவது இயல்புதான். பலமுறை ஏற்றிய ரவையைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும்.

தனி ரவையைக் கையால் சேம்பரில் போட்டு போல்ட்டை விட்டுவிடாதீர்கள். ரவைக்கூட்டிலிருந்து ரவையை உரித்தெடுக்கும்போது போல்ட்டின் வேகம் சற்றுக் குறையும், அந்தத் தடை இங்கே இல்லை. எப்படி ஏற்றினாலும் குழல் வாய் மணல் நிரப்பிய பீப்பாயை நோக்கியிருக்கட்டும். விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால், குறைந்தது 30 விநாடிகள் குழலை அங்கேயே வைத்திருந்து, அதன்பிறகே போல்ட்டைத் திறவுங்கள்.