மழைக்கு முன்னால் விறகு, வேலி, வரத்துக்கால்: காட்டோரத்து வீட்டுக்காரர்களுக்கு

ஆடி பிறந்தால் முதல் வேலை விறகுதான். கேஸ் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாமல் பிடித்துக்கொண்டால் செம்மண் பாதையில் சிலிண்டர் வண்டி உள்ளே வராது, குளிக்க வெந்நீர் போடுவதற்கும் மாட்டுக்குத் தவிடு காய்ச்சுவதற்கும் கேஸைச் செலவழிக்க யாருக்கும் மனசும் வராது. சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் முந்திரித் தோப்புக்கும் கருவக்காட்டுக்கும் நடுவில் பூர்வீக வீட்டைத் திறந்து குடிவருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

விறகுக்குச் சீமைக்கருவேலத்தை மிஞ்ச எதுவும் இல்லை. மண்ணுக்கும் தண்ணிக்கும் அது எதிரி என்று எல்லாரும் திட்டுவார்கள், 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே அதை வெட்டச் சொல்லி உத்தரவு போட்டது, ஆனால் அடுப்பில் அது நின்று எரிகிற மாதிரி வேறெதுவும் எரியாது, கங்கும் நெடுநேரம் இருக்கும். வெட்டுவதற்கு அரிவாள் மட்டும் போதாது, ஆள் உயரத்துக்கு ஒரு கவைக்கம்பு, அதாவது நுனி இரண்டாகப் பிரிந்த கம்பு வேண்டும். கவையால் கிளையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு அடியில் வெட்டுங்கள், வெட்டியதையும் அதாலேயே தள்ளுங்கள், கையால் இழுக்கவே கூடாது. ரப்பர் செருப்பு சும்மா பேருக்குத்தான், சைக்கிள் டயரையே இறக்கிவிடுகிற முள் அது. தைத்தால் முனை உள்ளே ஒடிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒடிந்திருந்தால் வீங்கிக் கடுக்கும், தள்ளிப்போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் எடுத்துவிட்டு டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த வருசமும் விறகு வேண்டுமென்றால் தரைக்கு மேலே வெட்டுங்கள், தானாகத் துளிர்க்கும். ஒழித்துக்கட்ட வேண்டுமென்றால் தரைக்குக் கீழே தோண்டித் தூரோடு எடுக்க வேண்டும்.

இதெல்லாம் உங்கள் பட்டா நிலத்துக்குள் மட்டும். கண்மாய்க்குள் வரிசையாக நிற்கிற நாட்டுக் கருவேலத்தில் கை வைக்காதீர்கள், அது பெரும்பாலும் வனத்துறை வளர்த்தது, ஏலத்தில்தான் போகும். அய்யனார் கோயில் காட்டில் உதிர்ந்து கிடக்கிற சுள்ளியைக்கூட ஊர்க்காரர்கள் எடுக்க மாட்டார்கள், நீங்களும் எடுக்க வேண்டாம்.

ஆடிக்காற்றிலும் ஆவணி வெயிலிலும் காய்ந்தால் போதும். இரண்டு கட்டையைத் தட்டிப் பாருங்கள், டங்கென்று கேட்டால் காய்ந்துவிட்டது, சொத்தென்று கேட்டால் இன்னும் ஈரம். அடுக்கும்போது கீழே பனந்துண்டோ கல்லோ போட்டு மேலே அடுக்குங்கள், இல்லாவிட்டால் கரையான் முந்திக்கொள்ளும். நம் பக்கம் பெரிய மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிப்பதால் அடுக்கு வீட்டுக்குத் தென்மேற்கே இருப்பது நல்லது. சுவரை ஒட்டி வேண்டாம், ஒரு முழம் இடம் விடுங்கள். எடுக்கும்போது குச்சியால் ரெண்டு தட்டு தட்டிவிட்டு எடுங்கள், தேள் அங்கேதான் குடியிருக்கும்.

பெரிய கட்டை உங்களுக்கு, சுள்ளியைப் பக்கத்து வீட்டு அப்பத்தாவுக்கு விட்டுவிடுங்கள். "அப்பத்தா, கருவை வெட்டுறோம், சுள்ளி வேணுமா?" என்று வெட்டுவதற்கு முன்னாலேயே கேட்பதுதான் முறை. வெட்டிப் போட்டுவிட்டுக் கூப்பிட்டால் மிச்சத்தைத் தள்ளுகிறான் என்றுதான் நினைப்பார்கள். இரவல் வாங்கின கோடாலியைத் தீட்டிக் கொடுங்கள்.

வெட்டின முள் வீணாகாது, அதுதான் வேலி. எல்லையில் நட்ட அளவுக்கல்லைப் பக்கத்துக்காரரோடு சேர்ந்து நின்று பார்த்துவிட்டுப் போடுங்கள். காலங்காலமாக ஊர்க் குளமான ஊரணிக்குப் போகிற ஒற்றையடிப் பாதை உங்கள் நிலத்தில் இருந்தால் அங்கே திறந்து மூடுகிற மாதிரி ஒரு படல் வைத்துவிடுங்கள், அடைத்தீர்களோ ஊரே பேசாது.

ஊரணி என்றதும் அதற்கு மழைத்தண்ணீரைக் கொண்டுவருகிற வரத்துக்கால் ஞாபகம் வருகிறது. புரட்டாசியில் ஒரு நாள் எல்லாருமாகச் சேர்ந்து சருகையும் மண்ணையும் வாரி விடுவார்கள், வீட்டுக்கு ஒரு ஆள் போக வேண்டும். ஆள் அனுப்ப முடியாதென்றால் டீ, வடைச் செலவையாவது ஏற்றுக்கொள்ளுங்கள். குடிதண்ணீர் ஊரணியில் குளிப்பது, துவைப்பது, மாட்டை இறக்குவது கிடையாது. செருப்பைக் கரையிலேயே விடுங்கள். முற்றத்து மழைத்தண்ணீரைப் பிடிப்பதென்றால் முதல் மழையைப் போகவிட்டு, ஓடு கழுவின பிறகு அண்டாவில் வேட்டித்துணி கட்டிப் பிடியுங்கள். உப்புப் போர்த்தண்ணியில் போட்ட டீயையும் இதில் போட்டதையும் ஒரே நாளில் குடித்துப் பாருங்கள், அப்புறம் அண்டாவை விடமாட்டீர்கள்.

மழைக்காலத்தில் தரையில் படுக்க வேண்டாம். கட்டுவிரியன் ராத்திரியில்தான் வரும், கடித்தது பல சமயம் வலிக்கக்கூடச் செய்யாது. கட்டில், நன்றாகச் செருகின கொசுவலை, கையில் டார்ச். கடித்துவிட்டால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், 108-ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வண்டி வர நேரமாகலாம், அதனால் யார் வீட்டில் கார் இருக்கிறது என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள்.

மயில் தோட்டத்தைக் கிளறும். விரட்டலாம், விஷம் வைத்தால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போவீர்கள். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குப் பக்கத்தில் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் பயப்படும் என்று தீபாவளிக்கே வெடி போடுவதில்லை.

அறுப்பு முடிந்து, ஊர் ஊராக ஆடு மேய்த்துப் போகிற கீதாரிகள் ஆட்டோடு வரும்போது கிடை போடச் சொல்லுங்கள், அதாவது ராத்திரியில் ஆட்டை உங்கள் வயலில் அடைக்கச் சொல்லுங்கள், அதை மிஞ்சின உரம் இல்லை. ஒரு ராத்திரி உங்கள் வயல், மறுநாள் பக்கத்து வயல் என்று பேசிக்கொண்டால் செலவைப் பங்கு போடலாம். கீதாரிக்குச் சாப்பாடு யார் வீட்டில் என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள், அதில்தான் சண்டை வரும்.