பரங்கிமலைக்குப் போகும் மதுரைக்காரர்கள் செய்யும் தவறுகள்

"ஏய்யா, இம்புட்டுத்தானா மலை?"

எங்கள் அன்பியத்திலிருந்து (பங்கில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடி ஜெபிக்கும் குழு) முதல் தடவை சென்னையில் புனித தோமையார் ஆலயம் இருக்கும் பரங்கிமலைக்குக் கூட்டம் சேர்த்துப் போனபோது, அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்த ஓர் அப்பத்தா கேட்டது இது. கேள்வியில் தப்பில்லை. அழகர்மலையையும் சிறுமலையையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு 300 அடிக் குன்று மலையாகவே தெரியாது. ஆனால் நான் மதுரையில் உட்கார்ந்து அட்டவணை போட்டபோதே அந்த "இம்புட்டுத்தானா" என் மனதிலும் இருந்தது. சின்ன மலைதானே, அரை மணி நேரம் போதும் என்று நினைத்து சாந்தோம், மெரினா, தி.நகர் ஜவுளிக்கடை என்று எல்லாவற்றையும் அதே நாளில் திணித்திருந்தேன். மலைக்கு வந்து சேரவே உச்சிவெயில் ஆகிவிட்டது. பாதிப்பேர் பீடத்துக் கல்சிலுவையைப் பார்க்காமலே இறங்கினார்கள். பார்த்தவர்கள் "இது என்ன?" என்று கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை.

அதன்பிறகு மூன்று தடவை போய்வந்துவிட்டோம். ஒவ்வொரு தடவையும் ஒரு தவறு குறைந்தது. கீழே இருப்பதெல்லாம் அப்படிக் கழித்த தவறுகள்தான்.

பெயரில் வழுக்காதீர்கள்

சென்னையில் இயேசுவின் சீடரான புனித தோமையாரின் பெயரோடு சேர்ந்த இடங்கள் மூன்று. சைதாப்பேட்டைப் பக்கம் சின்னமலை; துரத்தியவர்களிடமிருந்து தப்பித் தோமையார் ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் குகையும் ஓர் ஊற்றும் அங்கே இருக்கின்றன. பரங்கிமலை, கி.பி. 72-ல் அவர் ஈட்டியால் குத்தப்பட்டு உயிர்விட்டதாக மரபு சொல்லும் இடம். சாந்தோம், அவரை அடக்கம் செய்த இடம். மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. மெட்ரோவில் சின்னமலைக்கும் தனி ஸ்டேஷன் உண்டு, பரங்கிமலைக்கும் தனி ஸ்டேஷன் உண்டு. "மலைன்னு போட்டிருந்துச்சு, இறங்கிட்டோம்" என்று சின்னமலையில் நின்று போன் செய்தவர்கள் எங்கள் கூட்டத்திலேயே இருக்கிறார்கள்.

ஆட்டோக்காரரிடம் "மவுண்ட்" என்று மொட்டையாகச் சொல்வது இன்னொரு தவறு. எங்களில் ஒரு குடும்பம் அப்படிச் சொல்லி அண்ணாசாலையில் போய் இறங்கியது. ஆட்டோக்காரர் மேல் குற்றமில்லை. ஜார்ஜ் கோட்டையிலிருந்து இந்த மலைக்குப் போகிற சாலை என்பதால்தானே அதற்கு மவுண்ட் ரோடு என்று பெயர் வந்தது! "பரங்கிமலை சர்ச், மேல வரைக்கும் போகணும்" என்று முழுதாகச் சொல்லிவிடுங்கள். ஊரில் நோட்டீஸ் ஒட்டும்போதும் புனித தோமையார் மலை, சென்னை என்று போடுவது நல்லது. பரங்கிமலை என்று மட்டும் சொன்னால், காது மந்தமான பெரியவர்கள் திருப்பரங்குன்றம் என்று எடுத்துக்கொண்டு, "அதுக்கு எதுக்குய்யா ராத்திரி ரயிலு?" என்கிறார்கள்.

எழும்பூர் வரை போகாதீர்கள்

மதுரையிலிருந்து சென்னை என்றாலே எழும்பூர் என்று டிக்கெட் போடுவது நமக்குக் கைப்பழக்கம். பரங்கிமலைக்கு அது தேவையில்லை. பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்தால் தாம்பரத்தில் இறங்கிவிடலாம். எழும்பூர் வரை போனால், மலையைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வருகிற கதைதான். தாம்பரத்தில் பல் துலக்கி, முகம் கழுவி, காபி குடித்துவிட்டு, கடற்கரை போகும் மின்சார ரயிலில் ஏறுங்கள். அதற்குத் தனியாக டிக்கெட் எடுக்க வேண்டும். பழவந்தாங்கலுக்கு அடுத்த ஸ்டேஷன் பரங்கிமலை. அங்கிருந்து அடிவாரத்துக்கு ஆட்டோவில் கொஞ்ச நேரம்தான்.

மாட்டுத்தாவணியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் கோயம்பேட்டை மறந்துவிட வேண்டும். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்ததிலிருந்து தென்மாவட்ட அரசுப் பேருந்துகளுக்கு அதுதான் கடைசி நிறுத்தம். கோயம்பேட்டை விட அது நமக்குப் பக்கம்தான். மாநகரப் பேருந்தில் தாம்பரம் வந்து, அங்கிருந்து ரயில்.

ரயில் முன்பதிவு நாலு மாசத்துக்கு முன்பே திறக்கும் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் இருக்கிறார்கள். 2024 நவம்பர் முதல் அது 60 நாள்தான். நாற்பது பேருக்கு டிக்கெட் வேண்டுமென்றால் அறுபதாவது நாள் காலையில் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து போட வேண்டும். ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தானே.

வெயிலும் கால்களும்

நமக்கு வெயில் புதுசா என்று மதுரைக்காரர்கள் அலட்சியமாகப் பேசுவோம். சென்னை வெயில் வேறு. அது சுடுவதை விட வேர்க்க வைக்கும். நூற்றுச் சொச்சம் படிகளில் நம்மை உட்கார வைப்பது ஏற்றமில்லை, புழுக்கம்தான். காலை எட்டு மணிக்குள் படியில் கால் வைத்தால் ஏறினதே தெரியாது. பதினொரு மணிக்கு மேல் வேண்டுதலுக்காக வெறுங்காலோடு ஏறுகிறவர்களின் பாதத்தைக் கல் பொசுக்கிவிடும்.

கதை வரிசைப்படி போகலாமே என்று ஒரு தம்பி யோசனை சொன்னான். ஒளிந்த இடம், இறந்த இடம், அடக்கம் செய்த இடம் என்று சின்னமலை, பரங்கிமலை, சாந்தோம். கேட்க அழகாகத்தான் இருந்தது. அப்படிப் போனால் மலைக்கு வரும்போது வெயில் ஏறிவிடும். அதனால் முதலில் மலை, பிறகு சின்னமலைக் குகை, சாயங்காலம் சாந்தோம் என்று வைத்துக்கொண்டோம். கதையை ரயிலிலேயே சொல்லி முடித்துவிட்டோம்.

முட்டி வலிக்காரர்களை வீட்டில் விட்டுவிட்டு வருவது பெரிய தவறு. மலை உச்சி வரை வண்டி போகும் சாலை இருக்கிறது. ஏற முடிந்தவர்கள் படியில் சிலுவைப்பாதை செய்துகொண்டு வரட்டும், முடியாதவர்கள் ஆட்டோவில் மேலே வந்து காத்திருக்கட்டும். இது தெரியாமல் போன வருஷம் ஒரு பாட்டி, "நீங்க போய் எனக்கும் சேத்து ஒரு மெழுகுவத்தி ஏத்துங்க" என்று பையைக் கொடுத்துவிட்டு ஊரிலேயே நின்றுவிட்டார். அவர் வந்திருக்கலாம்.

ஏறும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் படிகளை 1726-ல் கட்டிக்கொடுத்தவர் ஓர் அர்மீனிய வியாபாரி, கோஜா பெத்ருஸ் உஸ்கான். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே அந்தக் காலப் பாலத்தைக் கட்டியவரும் அவரே. பக்தர்கள் மலைக்கு நடந்துவர ஆறு தடையாக இருக்கிறதே என்று பாலம், மலையில் கால் வழுக்குகிறதே என்று படி. திட்டமிடுகிறவர்களுக்கு அவர்தான் பாதுகாவலராக இருக்க வேண்டும் என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு.

மேலே போய் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் போவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். வேளாங்கண்ணியின் பெரிய கோபுரங்களை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு, உச்சியில் இருக்கும் சிறிய ஆலயம் ஏமாற்றமாக இருக்கும். உள்ளே போவார்கள், முழங்கால் போடுவார்கள், வெளியே வந்து விமானம் இறங்குவதைப் பார்ப்பார்கள், முடிந்தது. விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. முதலில் அவர்களை ஒரு பத்து நிமிஷம் விமானம் பார்க்க விட்டுவிடுங்கள், பிறகுதான் கோவிலுக்குள் நிற்பார்கள்.

வடக்கு அடிவாரத்திலேயே பார்க்க வேண்டியது தொடங்கிவிடுகிறது. சிலுவை வைத்த வளைவு வாசலில் 1547 என்று பொறித்திருக்கும். அந்த வருஷம்தான் மேலே ஆலயத்துக்கு அஸ்திவாரம் தோண்டியபோது போர்ச்சுக்கீசியருக்குக் கல்சிலுவை கிடைத்தது. இப்போது அது பீடத்துக்குப் பின்சுவரில் இருக்கிறது.

கிட்டப் போய் நிதானமாகப் பாருங்கள். தனியாக நிற்கும் சிலுவை இல்லை, ஒரே கல்பலகையில் புடைப்பாகச் செதுக்கியது. நான்கு முனைகளும் மொக்கு விரிவது போல் முடியும். மேலே ஒரு புறா தலைகீழாக இறங்கி வருகிறது. இருபுறமும் தூண்கள், அவற்றின் மேல் ஒரு வளைவு. அந்த வளைவில் ஓடுகிற கீறல்களை வேலைப்பாடு என்றுதான் முதல் தடவை நான் நினைத்தேன். அது எழுத்து. பாரசீகத்தில் வழங்கிய பகலவி எழுத்து. இதே மாதிரிச் சிலுவை கேரளத்தில் கோட்டயத்திலும் இருக்கிறது. தோமையாரே தன் கையால் செதுக்கியது என்பது மரபு. எழுத்தை வைத்துப் பார்க்கும் ஆய்வாளர்கள், அவருக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியது என்கிறார்கள். எப்படி எடுத்துக்கொண்டாலும், போர்ச்சுக்கீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தக் கரையில் கிறிஸ்தவர்கள் இருந்ததற்கான சாட்சி அந்தக் கல். எனக்கு அதுவே மலைப்பாக இருக்கிறது.

இதைத்தான் ரத்தம் வியர்த்த சிலுவை என்கிறார்கள். 1558 டிசம்பர் 18-ம் தேதி, பூசை நடக்கும்போதே எல்லோர் முன்னாலும் முதலில் வியர்த்ததாகவும், கடைசியாக 1704-ல் நடந்ததாகவும் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு இந்த வருஷங்களைச் சேர்த்தே சொல்லிக் கூட்டிப்போங்கள். "ரத்தம் வர்ற சிலுவை" என்று மட்டும் சொன்னால், ஒரு பொடியன் பீடத்துக்கு முன்னால் நின்று "எங்கம்மா ரத்தம்?" என்று சத்தமாகக் கேட்பான். எங்களிடம் கேட்டான்.

பீடத்தோடு திரும்பிவிடாதீர்கள். குழந்தை இயேசுவோடு மாதா இருக்கும் பழைய ஓவியம் ஒன்றும் இங்கே உண்டு. புனித லூக்கா வரைந்தது, தோமையார் கொண்டுவந்தது என்பது நம்பிக்கை. ஆலயமே பிள்ளையை எதிர்பார்த்திருக்கும் மாதாவின் பெயரில்தான் இருக்கிறது. முழுகாமல் இருக்கும் மகளுக்காக வேண்டிக்கொள்ள வந்த ஓர் அம்மாவுக்கு இது இறங்கும்போதுதான் தெரிந்தது. மறுபடி ஏறினார்.

பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் இன்னொன்றும் சொல்லலாம். இந்தியாவையே அளந்த பெரிய நில அளவைக்கு வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10-ம் தேதி இங்கிருந்துதான் அடிக்கோட்டை, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான முதல் கோட்டை, அளக்க ஆரம்பித்தார். இந்த மலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை சுமார் 12 கிலோமீட்டர், சங்கிலியால் அளந்தது. பிற்பாடு எவரெஸ்டின் உயரத்தைக் கணக்கிட்டது அந்த அளவையின் தொடர்ச்சிதான்.

மதுரைக்காரர்களிடம் நான் கட்டாயம் சொல்வது "பரங்கி" என்ற வார்த்தையைப் பற்றி. பிருங்கி முனிவர் தவம் செய்த பிருங்கிமலைதான் பரங்கிமலை ஆனது என்று அடிவாரத்து நந்தீஸ்வரர் கோவில் பக்கம் ஒரு வழக்கு உண்டு. பரங்கியர் என்று அழைக்கப்பட்ட போர்ச்சுக்கீசியரால் வந்த பெயர் என்பது மற்றது. 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி, "நான் பரங்கி இல்லை" என்று சொல்லித்தான் காவி உடுத்தி, தத்துவ போதகராக நம் ஊரில் இருந்தார். வயதாகிக் கண் மங்கிய காலத்தில் அவர் வந்து சேர்ந்தது மயிலாப்பூர். 1656-ல் அங்கேயே இறந்தார். மலை மேலிருந்து மயிலாப்பூர்ப் பக்கம் கையைக் காட்டி இதைச் சொல்வேன். கேட்கிறவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார்கள்.

நாள் பார்ப்பது

கூட்டத்தோடு கூட்டமாக இருந்தால்தான் திருவிழா என்று நினைப்பவர்கள் டிசம்பர் 18-ஐ ஒட்டிப் போகலாம். ஜூலை 3 தோமையார் திருநாள். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் படிகளில் சிலுவைப்பாதைக் கூட்டம் நிரம்பியிருக்கும். நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றால் இவை எதுவும் இல்லாத, ஜனவரி மாதத்து ஒரு சாதாரண வாரநாள்தான் சரி. சாமியாரையும் கூட்டிக்கொண்டு போய் அங்கே திருப்பலி வைக்க நினைத்தால், பங்குத்தந்தையின் கடிதத்தோடு முன்கூட்டியே திருத்தலத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். போய் நின்றுகொண்டு கேட்பது அவர்களுக்கும் சங்கடம்.

"அப்படியே வேளாங்கண்ணியையும் பார்த்துட்டு வந்துடலாமே" என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். சென்னையிலிருந்து அது 300 கிலோமீட்டருக்கு மேல். அதைத் தனிப் பயணமாக வையுங்கள். ரொம்பக் கெஞ்சினால் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோவிலைக் காட்டிச் சமாதானப்படுத்தலாம், சாந்தோமிலிருந்து பக்கம்தான்.

திரும்பும்போது மட்டும் தாம்பரம் வேண்டாம், எழும்பூரில் ஏறுங்கள். தாம்பரத்தில் ரயில் கொஞ்ச நேரம்தான் நிற்கும். நாற்பது பேர், பைகள், தூங்கி விழும் பிள்ளைகள், அப்பத்தாக்கள் எல்லோரும் அதற்குள் ஏற முடியாது. உட்கார்ந்ததும் தலையை எண்ணுங்கள். கடைசித் தடவை எங்களுக்கு நாற்பத்தொன்று வந்தது. மூன்று தடவை எண்ணியும் அதேதான். எங்கள் ஜெபமாலைக்கு மறுமொழி சொல்லிக்கொண்டிருந்த ஒருவர் திண்டுக்கல்லில் இறங்கியபோதுதான் கணக்கு சரியானது.