முதல் ஏர் பிஸ்டல் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூரில் சிறுவர்களுக்கும், அவர்களோடு சேர்ந்து ஆசைப்பட்டுவிடும் பெற்றோர் சிலருக்கும் பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் (அழுத்திய காற்றால் சுடும் கைத்துப்பாக்கி) பயிற்சி அளித்து வருகிறேன். கோடை விடுமுறை முடிந்ததும் புதிய பெட்டிகளோடு சிலர் வந்து சேருவார்கள். பெட்டியைத் திறந்த உடனேயே பணம் எங்கே வீணாயிற்று என்பது தெரிந்துவிடும். அந்தத் தவறுகளுள் பாதி, தொடக்க காலத்தில் நானும் செய்தவையே. டிரிகரில் விரலை வைத்தபடி திரும்பாதே, குழலை ஆள் பக்கம் நீட்டாதே என்பனவற்றை எந்தப் பயிற்சியாளரும் முதல் நாளே சொல்லிவிடுவார். ஆகையால் கடைக்குப் போவதற்கு முன்பும் கடையிலும் நிகழ்கிற தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

உரிமத்துக்காக அலைவது

கைத்துப்பாக்கி என்றாலே கலெக்டர் அலுவலகம், காவல் நிலைய விசாரணை என்று எண்ணிப் பலர் தொடங்காமலேயே இருந்துவிடுகிறார்கள். வேறு சிலர் உரிமம் பெற்று .22 துப்பாக்கியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள். இரண்டுமே தேவையற்றவை. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழல் துளை 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாமலும், குழல் முனையில் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாமலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. போட்டிக்கான ஏர் பிஸ்டலில் அரை கிராம் எடையுள்ள பெல்லட் (சிறு ஈயக் குண்டு) விநாடிக்கு ஏறத்தாழ 150 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. ஆற்றல் 6 ஜூலை ஒட்டியே நிற்கும். குறிபார்த்தல், மூச்சு, டிரிகர் ஆகிய மூன்றையும் இதிலேயே கற்றுக்கொள்ளலாம். வெடிமருந்துத் துப்பாக்கியைப் பற்றி அதன் பிறகு யோசித்தால் போதும்.

வளர்கிற கைக்கென்று பெரிய கைப்பிடி

இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும்; எத்தனை முறை பார்த்தும் எனக்கு எரிச்சல் தணியாத தவறு இதுதான். ஊட்டிப் பள்ளியில் சேர்க்கும் பிள்ளைக்கு ஸ்வெட்டரை இரண்டு அளவு பெரிதாக வாங்குவதுபோல, ஏர் பிஸ்டலின் கைப்பிடியையும் வளர்கிற பிள்ளைதானே என்று பெரிதாக வாங்கிவிடுகிறார்கள். ஸ்வெட்டரின் கையை மடித்து விட்டுக்கொள்ளலாம். வால்நட் மரத்தில் கடைந்த கைப்பிடியை மடிக்க இயலாது.

இந்தப் போட்டியில் ஒரே கையை நீட்டி, வேறு எந்தத் தாங்கலும் இல்லாமல், ஒன்றேகால் மணி நேரத்தில் 60 முறை சுட வேண்டும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 11.5 மில்லிமீட்டர். குறிபார்க்க உதவும் முன்குறிக்கும் (குழல் முனையில் உள்ளது) பின்குறிக்கும் (கண்ணுக்கு அருகே உள்ள பிளவு) இடையே 32 சென்டிமீட்டர் இருக்கும் ஒரு பிஸ்டலில், முன்குறி ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கினால் பத்து மீட்டர் தள்ளி உள்ள இலக்கில் பெல்லட் 31 மில்லிமீட்டர் ஒதுங்கும். பத்து விழ வேண்டிய இடத்தில் ஏழு விழும். அந்த ஒரு மில்லிமீட்டரை ஒவ்வொரு முறையும் மாறாமல் வைத்திருப்பதற்காகவே கைப்பிடி உள்ளங்கையின் மேடு பள்ளங்களுக்கு ஏற்பக் கடையப்படுகிறது.

கைப்பிடி பெரிதாக இருந்தால் சுட்டுவிரலின் சதைப்பகுதி டிரிகரை எட்டாது. எட்ட வைப்பதற்காகக் கை தானாகவே கைப்பிடியைச் சுற்றி முன்னே நகர்ந்துகொள்ளும். குழல் அதனால் நேர்கோட்டிலிருந்து விலகும். விரல் நுனி மட்டும் டிரிகரின் ஓரத்தில் படுவதால், அழுத்தம் நேராகப் பின்னோக்கிச் செல்லாமல் பக்கவாட்டில் தள்ளும். இரண்டும் சேர்ந்து குறியைக் கெடுக்கின்றன.

கோத்தகிரிப் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயி ஒருவர், பசுந்தேயிலைக்கு ஓரளவு விலை கிடைத்த ஆண்டில் சேர்த்து வைத்த பணத்தைக் கொண்டு, தம் மகளுக்குச் சமவெளியில் ஒருவரிடமிருந்து பயன்படுத்திய பிஸ்டல் ஒன்றை வாங்கி வந்தார். நல்ல நிறுவனத்தின் நல்ல மாடல்தான். ஆனால் கைப்பிடி, வளர்ந்த ஆணுக்கான ‘எல்’ அளவு. அந்தப் பெண் சுட்டவை எல்லாம் இடப்பக்கமே கூடின. தந்தை பின்குறியின் திருகைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவந்தார். மறுவாரம் கை வேறு இடத்தில் அமர்ந்ததால் பெல்லட்டுகள் விழும் இடம் வேறெங்கோ போயிற்று. பெல்லட்டை மாற்றினார்கள், குழல் தேய்ந்துவிட்டதா என்று சந்தேகப்பட்டார்கள், கடைசியில் “உனக்குக் கவனம் போதவில்லை, பாப்பா” என்று அவளையே குறை சொன்னார்கள். மணிக்கட்டு வலிக்கிறது என்று அவள் சொன்ன பிறகுதான் என்னிடம் அழைத்து வந்தார்கள். கண்களை மூடிக்கொண்டு பிஸ்டலை உயர்த்தி, இலக்கை நோக்கி நிறுத்திய பின் கண் திறக்கச் சொன்னேன். முன்குறி, பின்குறிப் பிளவின் ஒரு பக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அவளுக்கு வேண்டியிருந்தது சிறிய கைப்பிடி ஒன்றுதான். விற்றவரோ திரும்பப் பெற்றுக்கொள்ள மறுத்துவிட்டார். சிறிய அளவை வெளிநாட்டிலிருந்து தருவிப்பதற்குள் அந்த ஆண்டின் போட்டிகள் முடிந்துவிட்டன.

ஆகவே விலை கேட்பதற்கு முன் கையை அளந்துகொள்ளுங்கள். வெள்ளைத்தாளில் கையை விரித்து வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து, அதை விற்பவருக்கு அனுப்புங்கள். ஸ்டெய்ர், மொரினி, வால்தர், பர்டினி ஆகிய நிறுவனங்களின் ‘எம்’ அளவுகள் ஒன்றுக்கொன்று சமமல்ல. ஒரு பிஸ்டலில் பொருந்திய அளவை இன்னொன்றுக்கும் நம்பிச் சொல்லக் கூடாது. இடக்கைக்காரருக்குத் தனிக் கைப்பிடி உண்டு என்பதைக் கூடச் சிலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டு அளவுகளுக்கு நடுவே நின்று தயங்கினால் சிறியதையே எடுங்கள். இறுக்கமான இடத்தை அரம் கொண்டு தேய்த்துவிடலாம். ஆனால் கைப்பிடியின் முதுகிலிருந்து டிரிகர் வரையுள்ள தூரத்தை ஓரளவுக்கு மேல் குறைக்க முடியாது. தேய்ப்பதற்கும் புட்டி பூசுவதற்கும் எல்லை உண்டு: மணிக்கட்டு தாங்கலின்றித் தெளிவாக விடுபட்டிருக்க வேண்டும், துப்பாக்கி முழுவதும் 420 × 200 × 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பது சர்வதேச விதி.

நம் மலைக்கு மட்டும் இன்னொன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். உறைபனி விழும் சனவரிக் காலையில் விறைத்த கையோடு கைப்பிடி பொருத்திப் பார்க்காதீர்கள். குளிரில் விரல்கள் சுருங்கியிருக்கும். அப்போது சரியாக இருந்தது நண்பகலில் இறுகும். வெந்நீரில் கையை நனைத்து, துடைத்து, சற்று நேரம் கழித்துப் பாருங்கள்.

டிரிகரை மெல்லியதாக்குவது

தொட்டால் சுட வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். போட்டியில் ஏர் பிஸ்டலின் டிரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும்; தாங்காவிட்டால் சோதனை மேசையிலேயே நிறுத்திவிடுவார்கள். சிறிது கூட்டியே அமைத்துப் பழகுங்கள்.

மின்னணு டிரிகர் உள்ள மாடல்களை முதல் பிஸ்டலாக நான் பரிந்துரைப்பதில்லை. அவை தரமானவையே, ஆனால் பழுது பார்ப்பவர் மலையில் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் பிஸ்டல் கோளாறால் மனு பாக்கருக்கு நேரம் பறிபோய், இறுதிச் சுற்று தவறியதைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். உடன் ஆட்கள் இருந்த அவருக்கே அந்த நிலை என்றால், பழுதான பிஸ்டலோடு கோயம்புத்தூர்ப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய நமக்கு எளிய இயந்திர டிரிகர் போதும்.

பெல்லட் இன்றிப் பழக முடியாததை வாங்குவது

விலை குறைவு என்று ஸ்பிரிங் பிஸ்டல் வாங்குபவர்கள் வீட்டுப் பயிற்சியை இழக்கிறார்கள். போட்டிக்கான பிஸ்டல்களில், பெல்லட்டும் காற்றும் இல்லாமல் டிரிகரை மட்டும் இயக்கிப் பழகும் ‘டிரை ஃபயர்’ அமைப்பு உண்டு. ஸ்பிரிங் பிஸ்டலை அவ்வாறு வெறுமனே இயக்கினால் உள்ளே உள்ள சீல் அடிபடும். ரேஞ்சுக்கு (சுடுதளத்துக்கு) வாரத்தில் ஒரு நாள்தான் வர முடிகிற கூடலூர்ப் பிள்ளைக்கு மீதி நாட்களின் பயிற்சி வீட்டுச் சுவரைப் பார்த்துத்தான் நடக்கும். அந்த அமைப்பு இல்லாத பிஸ்டல் அவருக்குப் பயன்படாது.

சிலிண்டரைப் பார்க்காமல் பழையதை வாங்குவது

பயன்படுத்திய பிஸ்டல் வாங்குவதில் தவறில்லை. புதியது ஒன்றின் விலை இலட்சத்தைத் தாண்டுகிறது. ஆனால் காற்று சிலிண்டருக்கு ஆயுள் உண்டு. பெரும்பாலான நிறுவனங்கள் பத்து ஆண்டுகள் என்கின்றன. தயாரித்த தேதி சிலிண்டரின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். காலாவதியான சிலிண்டருக்குச் சுடுபவரே பொறுப்பு என்று போட்டி விதியும் சொல்கிறது. புதிய சிலிண்டரின் விலையைக் கூட்டிப் பார்த்தால், மலிவு என்று நினைத்தது மலிவாக இருக்காது.

காற்று நிரப்புவதிலும் மலைக்காரர்கள் கவனிக்க வேண்டியது உண்டு. 10 டிகிரிக் குளிரில் ஊட்டியில் 200 பார் (அழுத்த அலகு) வரை நிரப்பிய சிலிண்டர், மேட்டுப்பாளையத்தின் 35 டிகிரி வெயிலில் ஏறக்குறைய 218 பார் காட்டும். 200 பார்தான் உச்ச வரம்பு என்று பொறித்த சிலிண்டரை மலையில் விளிம்பு வரை நிரப்பிவிட்டு, போட்டிக்கு இறங்கும் வழியில் காருக்குள் பூட்டி வைக்கக் கூடாது. கைப்பம்பில் நிரப்புபவர்கள், பருவமழை மாதங்களில் பம்பின் ஈரம் உறிஞ்சும் பகுதியை மாற்றாமல் விட்டால், சிலிண்டருக்குள் தண்ணீரையும் சேர்த்தே அடைக்கிறார்கள்.

எடை கூடினால் நிலை கூடும் என்று நம்புவது

உச்ச வரம்பு 1,500 கிராம். பிள்ளையின் தோளுக்கு ஒரு கிலோவே அதிகம்.

சாம்பியன் வைத்திருப்பதையே வாங்குவது

அவருடைய கை உங்களுக்கு இல்லை.

உரிமம் வேண்டாம் என்பதை எங்கும் கொண்டுபோகலாம் என்று புரிந்துகொள்வது

உரிமம் தேவையில்லை என்று விற்பவர் சொன்னதைக் கேட்டு, தோட்டத்துக் குரங்கை விரட்டவும், மைசூர் போகும்போது காரில் போட்டுச் செல்லவும் துணிபவர்கள் உண்டு. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ‘ஆயுதம்’ என்பதை மிக விரிவாக வரையறுக்கிறது. விலங்கைக் காயப்படுத்தக்கூடிய எந்தக் கருவியும் அதில் அடங்கும். எழுத்துமூல அனுமதியின்றி ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைவதை அச்சட்டத்தின் 31-ஆம் பிரிவு தடுக்கிறது. கூடலூரிலிருந்து மைசூர் செல்லும் சாலை முதுமலைச் சரணாலயத்துக்குள்ளேதான் போகிறது. கர்நாடகத்தில் போட்டி என்றால், பெட்டியோடு கோயம்புத்தூர், சத்தியமங்கலம் என்று கிளம்பிவிடாதீர்கள், சத்தியமங்கலமும் புலிகள் காப்பகமே; சேலம், ஓசூர் வழியாகச் செல்லும் ரயிலுக்கு முன்பதிவு செய்யுங்கள், ரயில்வேயின் விதியையும் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.