நாற்பது பேரோடு போய் இருவராகப் பார்ப்பது எப்படி

பி2 பெட்டியில் அவருக்கு மேல் பெர்த். பி4 பெட்டியில் எனக்கு நடு பெர்த். சென்னை சென்ட்ரலில் ரயில் புறப்பட அரை மணி நேரம் இருக்கும்போது டூர் மேனேஜர் கையில் திணித்த தாளில் அப்படித்தான் இருந்தது. என் கணவருக்கு 67 வயது, வலது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனவர். எனக்கு 62. அஞ்சலகக் கவுண்டரில் 31 ஆண்டு உட்கார்ந்து, படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்தவள் நான். ஆக்ரா, ஜெய்ப்பூர், டெல்லி என்று பத்து நாள் பயணத்துக்கு இருவருக்கும் பணம் கட்டியபோது மட்டும் பெர்த்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பாட்டில் வெங்காயம் போடுவார்களா என்று கேட்டேன்.

நீங்கள் பெர்த்தைக் கேளுங்கள். மூத்தோருக்கான கட்டணச் சலுகையை ரயில்வே 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டது. கீழ் பெர்த் ஒதுக்கீடு இன்றும் இருக்கிறது: ஆணுக்கு 60 வயது, பெண்ணுக்கு 45 வயது ஆகியிருக்க வேண்டும், தனியாகவோ, அந்த வயதுடைய இருவர் ஒரே டிக்கெட்டிலோ பயணம் செய்ய வேண்டும். மூன்றாவது பெயர் சேர்ந்தால் ஒதுக்கீடு போய்விடும். குழுவுக்கு டிக்கெட் எடுப்பவர்கள் வேலை சுருக்கமாக முடியட்டும் என்று ஒரு டிக்கெட்டில் ஆறு பேரைப் போடுவார்கள். நாம் இழப்பது அங்கேதான். "எங்கள் இருவருக்கும் தனி டிக்கெட், மூத்தோர் ஒதுக்கீட்டில்" என்று முன்பணம் கட்டும் நாளிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கிறது. அந்த வாரமே டிக்கெட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பெயர், வயது, பெட்டி, பெர்த் நான்கையும் சரிபாருங்கள்.

பெர்த் எண்ணைப் பார்த்தே இடத்தைச் சொல்லிவிடலாம். மூன்றடுக்கு ஏசியில் எண்ணை எட்டால் வகுத்து மீதி 1 அல்லது 4 வந்தால் கீழ் பெர்த், 7 வந்தால் பக்கவாட்டுக் கீழ் பெர்த். இரண்டடுக்கில் ஆறால் வகுத்து 1, 3, 5 என்று பாருங்கள். என் கணவர் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். இந்தக் கணக்கை அவர் சொல்லித் தந்தது ரயில் கிளம்பிய பிறகு.

மாற்றிக்கொள்ள வேண்டி வந்தால், விரிப்பை விரித்துப் படுத்த பிறகு யாரையும் எழுப்பாதீர்கள். வண்டி நகர்ந்ததும் கேட்டுவிடுங்கள். முதலில் நம் குழுவுக்குள், அதிலும் இளையவர்களிடம். எங்களோடு புதிதாகத் திருமணமான தம்பதி வந்திருந்தார்கள். "இரண்டு இரவுதானே அம்மா" என்று அந்தப் பிள்ளைகள் தங்களுடைய கீழ் பெர்த் இரண்டையும் கொடுத்துவிட்டு ஆளுக்கொரு பெட்டிக்குப் போனார்கள். அவர்களைப் பிரித்துவிட்டு நாங்கள் சேர்ந்து உட்கார்ந்திருந்தது பத்து நாளும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

பணம் கட்டும் முன் கேட்க இன்னும் இரண்டு. அறை இருவருக்கு மட்டும்தானா? யாத்திரைக் குழுக்கள் சிலவற்றில் ஆண்கள் ஒரு கூடம், பெண்கள் ஒரு கூடம் என்று படுக்க வைப்பதுண்டு. அடுத்தது, இறங்கும் நேரமும் அறை கிடைக்கும் நேரமும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவு பத்து மணியளவில் சென்னையை விட்டு, இடையில் ஒரு முழுப் பகல் ஓடி, மறுநாள் விடிவதற்கு முன்பே ஆக்ரா கன்டோன்மென்ட்டில் இறக்கிவிடும். ஓட்டலில் அறை தருவது பெரும்பாலும் நண்பகலில். நடுவில் இருக்கும் எட்டு மணி நேரம் எங்கே குளிப்பது, எங்கே காலை நீட்டுவது? எங்கள் ஏற்பாட்டாளர் இதற்குப் பதில் வைத்திருந்தார். விடியற்காலையிலேயே அறை தயாராக இருந்தது. பெர்த்தில் விட்டதை அறையில் பிடித்தார் என்று எழுதுவதுதான் நியாயம்.

கிழமைக் கணக்கும் முக்கியம். தாஜ்மகால் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், டெல்லி செங்கோட்டை திங்கட்கிழமை மூடியிருக்கும். வியாழன் இரவு சென்னையில் ஏறினால் வெள்ளிக்கிழமை ரயிலிலேயே கழிந்துவிடும். டிசம்பர், ஜனவரியில் வடக்கே மூடுபனி. ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், தாஜ்மகாலும் கண்ணுக்குத் தெரியாது. நாங்கள் போனது பிப்ரவரிக் கடைசியில்.

அந்த வெள்ளிக்கிழமையைத் தூங்கியே கழித்துவிடாதீர்கள். காலையில் ராமகுண்டம் தாண்டியதும் கோதாவரி வரும். மதியம் நாகபுரியில் ஆரஞ்சு. என் கணவர் அதற்காக இறங்கிப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோதே வண்டி நகர்ந்துவிட்டது. நல்லவேளை, எங்கள் பெட்டியைத் தேடி ஓடாமல் எதிரே வந்த படியில் ஏறிவிட்டார். பெட்டிகளுக்குள்ளேயே நடந்து பதினைந்து நிமிடம் கழித்துப் பையோடு வந்து நின்றார். அதற்குள் நான் எல்லாத் தெய்வங்களுக்கும் வேண்டிக்கொண்டாயிற்று. இறங்குபவர் ஒருவர்தான், போன் கையில், டிக்கெட்டின் படம் போனில் என்று அன்றே விதி செய்தோம். பெட்டி கட்டுவதிலும் ஒன்று: அவர் பையில் என் புடவை இரண்டு, என் பையில் அவர் சட்டை இரண்டு, மாத்திரை இரண்டிலும் பாதிப் பாதி. ஒரு பை தொலைந்தாலும் இருவருமே சமாளிக்கலாம்.

ஆக்ராவில் கோட்டையை முதலில் பாருங்கள் என்பது என் கட்சி. பல குழுக்கள் தாஜ்மகாலை முடித்துவிட்டு, களைத்த கால்களோடு கோட்டைக்குப் போகின்றன. நாங்கள் சனிக்கிழமை பிற்பகல் கோட்டையில் இருந்தோம். 1658இல் மகன் ஔரங்கசீப் சிறைவைத்த ஷாஜகான், 1666இல் இறக்கும்வரை இருந்தது அங்கேதான். கூடவே மகள் ஜஹானாரா. முசம்மன் புர்ஜ் என்ற எண்கோண மாடத்துக்கு அருகிலிருந்து பார்த்தால் யமுனை வளைவுக்கு அப்பால் தாஜ்மகால் உள்ளங்கை அளவில் தெரிகிறது. அந்தத் தூரத்தை ஒருமுறை பார்த்தபின் மறுநாள் பக்கத்தில் போய் நிற்பது வேறாக இருக்கிறது.

தாஜ்மகால் சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பு திறக்கும். இந்தியருக்கு நுழைவுக் கட்டணம் 50 ரூபாய். கல்லறை இருக்கும் மண்டபத்துக்குள் போகக் கூடுதலாக 200 ரூபாய். குழுக் கட்டணத்தில் 50 ரூபாய்தான் அடங்கும் என்றால் மீதியை நீங்களே கட்டி உள்ளே போங்கள். தோட்டம், குளம், மினார் எல்லாம் இடமும் வலமும் ஒன்றுபோல் அமைந்த அந்த இடத்தில், சரியாக நடுவில் இருப்பது மும்தாஜின் கல்லறை. பிறகு வந்து சேர்ந்த ஷாஜகானுடையது அதன் ஓரத்தில், கணக்குக்குப் பொருந்தாமல் இருக்கிறது. "அளவைக் கெடுத்துவிட்டார்" என்றார் என் கணவர். "பக்கத்தில் இடம் கிடைத்ததே பெரிது" என்றேன். தின்பண்டமும் பெரிய பையும் உள்ளே விடமாட்டார்கள். தடித்த காலுறை அணிந்து போங்கள். விடிகாலைப் பளிங்கு ஐஸ் போலிருக்கும்.

ஃபதேபூர் சிக்ரிக்கு இங்கிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அக்பர் 1571இல் கட்டத் தொடங்கி, பதினைந்து ஆண்டுக்குள் விட்டுவிட்டுப் போன ஊர். வண்டி நிறுத்துமிடத்திலிருந்தே வழிகாட்டி என்று சொல்லிக்கொண்டு பலர் ஒட்டிக்கொள்வார்கள். குழுவோடு போவதன் பலன் அங்கே தெரியும். சலீம் சிஷ்தி தர்காவின் பளிங்குச் சன்னலில் வேண்டிக்கொண்டு நூல் கட்டுகிறார்கள். என் கணவர் எதையோ வேண்டிக் கட்டினார். இன்றுவரை சொல்லவில்லை.

இனிதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. எந்தக் குழுச் சுற்றுலாவிலும் நிரலில் அச்சிடாத ஒரு நிகழ்ச்சி உண்டு: கடை. ஆக்ராவில் பளிங்கில் கல் பதிக்கும் வேலை, ஜெய்ப்பூரில் அச்சுப் புடவை, கல் நகை. "தொழில்கூடம் பார்க்கிறோம்" என்று பஸ் நிற்கும். ஐந்து நிமிடம் கல்லைத் தேய்த்துக் காட்டிவிட்டு ஒன்றரை மணி நேரம் விற்பார்கள். ஆக்ராவில் நாங்கள் அதில் மாட்டி, வேண்டாத ஒரு பளிங்குத் தட்டோடு வெளியே வந்தோம். அன்றிரவு என் கணவர் நிரலை எடுத்து வைத்துப் பென்சிலால் கணக்குப் போட்டார். ஜெய்ப்பூரில் ஹவா மகாலுக்கு "வெளியிலிருந்து பார்த்தல்", 10 நிமிடம். ஜந்தர் மந்தர், 20 நிமிடம். கடை என்று அச்சிடாமல் "ஓய்வு" என்று போட்டிருந்தது இரண்டு மணி நேரம்.

அந்த இரண்டு மணி நேரம்தான் உங்களுக்குச் சொந்தமானது. அதை எடுத்துக்கொள்ள முறை உண்டு. முந்தைய இரவே டூர் மேனேஜரிடம் தனியாகச் சொல்லுங்கள். பஸ்ஸில் எல்லோர் முன்னிலும் சொன்னால் இன்னும் பத்துப் பேர் கிளம்புவார்கள், அவரும் மறுப்பார். பஸ் அடுத்து நிற்கும் இடத்தையும் நேரத்தையும் கேட்டு, அதற்குக் கால் மணி நேரம் முன்னால் வந்துவிடுவதாக வாக்குக் கொடுங்கள், வந்துவிடுங்கள். ஓட்டல் முகவரி அட்டை சட்டைப் பையில் இருக்கட்டும். இந்தி தெரியாவிட்டால் ஆட்டோக்காரரிடம் அதை நீட்டினால் போதும்.

ஜெய்ப்பூரில் மற்றவர்கள் புடவைக் கடைக்குள் போக, நாங்கள் ஆட்டோ பிடித்தோம். ஹவா மகாலின் எதிரே தெருவில் நின்று படம் எடுத்துவிட்டு எல்லோரும் போய்விடுகிறார்கள். அது 1799இல் சவாய் பிரதாப் சிங் கட்டியது. தெருவைப் பார்த்திருக்கும் அந்தப் புகழ்பெற்ற முகப்பில் வாசல் கிடையாது. பின்பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும். உள்ளே மேல் மாடிகளுக்குப் படிக்கட்டுக்குப் பதில் சரிவுப் பாதை. முழங்கால் வலிக்காரருக்கு இதைவிட நல்ல அரண்மனை கிடைக்காது. 953 சன்னல்கள் என்பார்கள். ஒன்றின் வழியாகக் கீழே எங்கள் குழுவின் பஸ் தெரிகிறதா என்று தேடினார், நான் தேடவில்லை.

அங்கிருந்து ஜந்தர் மந்தருக்கு நடந்தே போகலாம். நகரத்தை 1727இல் நிறுவிய சவாய் ஜெய்சிங் அமைத்த வானியல் கூடம் அது. நடுவில் 27 மீட்டர் உயரத்தில் சாம்ராட் யந்திரம், கல்லால் கட்டிய சூரிய கடிகாரம். காலையில் குழுவோடு வந்தபோது வழிகாட்டி அதைக் கை நீட்டிக் காட்டிவிட்டு நடந்துவிட்டார். பிற்பகலில் நாங்கள் அதன் வளைந்த ஓரத்தில், நிழல் விழும் கோட்டருகே நின்றோம். நிழல் நகர்வது கண்ணுக்கே தெரிகிறது: ஒரு நொடிக்கு ஒரு மில்லிமீட்டர். என் கணவர் ஒரு கோட்டில் விரலை வைத்துக்கொண்டு, "நீ கடிகாரத்தைப் பார்" என்றார். ஒரு நிமிடம் ஆனபோது நிழல் அவர் விரல்கள் அத்தனையையும் தாண்டியிருந்தது. மணி மட்டும் என் கைக்கடிகாரத்தைவிட நாற்பது நிமிடம் பின்னால். தப்பாகக் கட்டிவிட்டார்களா என்று கேட்டேன். ஜெய்ப்பூர் நம் நாட்டு நேரத்துக்குரிய தீர்க்கரேகைக்கு மேற்கே இருப்பதால் 27 நிமிடம், மீதி பிப்ரவரிச் சூரியன் பிந்துவதால் என்று கரும்பலகைக் குரலில் விளக்கினார். ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டாகக் கேட்காத குரல்.

இன்னும் ஒரு மணி நேரம் மிச்சமிருந்தால் கண்டதைத் தின்னுங்கள். குழுவின் சமையல்காரர்கள் ஆக்ராவில்கூடச் சாம்பாரும் ரசமும் வைத்தார்கள். அவர்கள் கைமணத்துக்குக் குறையில்லை. ஆனால் ஜெய்ப்பூருக்குப் போய்க் கசௌரியும் மண் குவளையில் லஸ்ஸியும் இல்லாமல் திரும்பக் கூடாது. ஆக்ராவில் பேட்டா வாங்கினால் உலர்ந்ததாக வாங்குங்கள். பாகில் ஊறியது பையில் ஒழுகும். நாம் திருஷ்டி கழித்துத் தெருவில் உடைக்கும் அதே பூசணிக்காயை அவர்கள் சர்க்கரைப் பாகில் போட்டு ஊருக்கே பெயர் வாங்கிவிட்டார்கள்.

ஜெய்ப்பூரை ஒட்டிய ஆமேர் கோட்டைக்கு மேலே போக ஜீப் எடுங்கள். டெல்லியில் செங்கோட்டை, குதுப் மினார் எல்லாம் குழுவே நன்றாகக் காட்டும். விட்டுவிடுவது ஹுமாயூன் கல்லறையை. அங்கும் ஒரு கடை நேரத்தைச் செலவழித்தோம். தாஜ்மகாலுக்கு அறுபது ஆண்டுகளுக்கும் முன்னால், 1570ஐ ஒட்டி, ஹுமாயூனின் மனைவி பேகா பேகம் கணவனுக்காகக் கட்டுவித்தது. அந்த வடிவத்திலிருந்துதான் தாஜ்மகாலுக்கே வழி பிறந்தது. செம்மண் நிறக் கல், நீர்வாய்க்கால், எங்களைத் தவிர ஏழெட்டுப் பேர். மனைவி கட்டியதற்குக் கூட்டம் இல்லை பார்த்தீர்களா என்றேன். "அதனால்தான் உட்கார இடம் இருக்கிறது" என்று படியில் காலை நீட்டிக்கொண்டார்.

திரும்பும் ரயிலுக்கு டிக்கெட்டை இருவர் பெயரில் தனியாக எடுக்கச் சொல்லி நான் முதல் இரவே கேட்டிருந்தேன். இருந்ததை ரத்து செய்து புதிதாக எடுத்துக் கொடுத்தார்கள், கூடுதல் செலவு எங்களுடையது. பி1 பெட்டி, 33, 36. தாளை வாங்கியதும் எட்டால் வகுத்துப் பார்த்துக்கொண்டேன்.