கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு முதுகுப் பராமரிப்பைக் கற்றுக்கொடுப்பது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் முன்பள்ளி ஆசிரியைகளாகவும் சுகாதாரத் தொண்டர்களாகவும் மாதர் சங்கப் பொறுப்பாளர்களாகவும் இருக்கும் தங்கைமார் பலர், “முதுகு வலிக்கு ஏதாவது சொல்லிக் கொடுங்கள் என்று அக்காமார் கேட்கிறார்கள், எங்கிருந்து தொடங்குவது?” என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இந்த விளக்கம் அவர்களுக்காகவே எழுதப்படுகிறது. இதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. ஆனால் எதைச் சொல்ல வேண்டும் என்பதைப் போலவே எதைச் சொல்லக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

சொல்லக் கூடாத முதல் வாக்கியம், “நிமிர்ந்து நில்லுங்கள், குனியாதீர்கள்” என்பதாகும். இடுப்பளவு உயரமுள்ள தேயிலைச் செடியில் குனியாமல் கொழுந்து எடுக்க யாராலும் முடியாது. முதுகு குனிவதற்காகவே படைக்கப்பட்டிருக்கிறது. ஒரே நிலையில் நெடுநேரம் நிற்பதும், உடலைவிட்டு விலகிய சுமையைத் தூக்குவதும், சுமையோடு இடுப்பை முறுக்கித் திரும்புவதும்தான் அதை வருத்துகின்றன. நாம் கற்றுக்கொடுக்கப் போவது இந்த மூன்றையும் குறைக்கும் வழிகளை மட்டுமே.

நான் முதன்முதலாக நடத்திய வகுப்பில், நாற்காலியில் நேராக அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணின் படத்தைச் சுவரில் ஒட்டி அரை மணி நேரம் பேசினேன். பேசி முடித்ததும் ஓர் அம்மா, “புள்ள, நாங்க எப்ப கதிரையில உக்காருறோம்?” என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்த நானே அதை யோசிக்காமல் போனது இன்றும் என்னை வருத்துகிறது. அதற்குப் பிறகு மலைக்குப் போய்ப் பார்க்காமல் எந்தத் தோட்டத்திலும் வகுப்பு நடத்தியதில்லை.

முதலாம் படி: மலைக்குப் போய்ப் பாருங்கள்

தோட்ட நிர்வாகத்திடமும் கங்காணியிடமும் அனுமதி பெற்றுக்கொண்டு, காலைப் பிரட்டு (பேர் பதிந்து வேலை பிரிக்கும் கூட்டம்) முடிந்து பெண்கள் மலைக்கு ஏறும்போது நீங்களும் கூடவே ஏறுங்கள். எல்லோரையும் ஒரே நேரத்தில் பார்க்க முயலாமல், ஒரே ஒருவரை ஒரு மணி நேரம் தொடர்ந்து கவனியுங்கள். அவர் நிரைக்குள், அதாவது தேயிலைச் செடிகளின் வரிசைக்குள், நுழையும்போது எந்தக் கால் சரிவின் மேல்பக்கம் இருக்கிறது, எந்தக் கால் கீழே இருக்கிறது? நிரையின் கடைசி வரை அதே கால்தான் கீழே இருக்கிறதா? செடியின் மறுபக்கத்துக் கொழுந்தை எடுக்க அவர் சுற்றிப் போகிறாரா, அல்லது இடுப்பில் கட்டிய படங்குத் துணி செடியில் அழுந்தும்படி சாய்ந்து கையை நீட்டுகிறாரா? கைப்பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலாகப் பின்னால் கூடைக்குள் போடுகிறாரே, அப்போது தலை எந்தப் பக்கம் வெட்டித் திரும்புகிறது?

கூடைக் கயிற்றைக் குறிப்பாகப் பாருங்கள். கயிறு தலையில் இருக்கிறது, கூடை முதுகில் தொங்குகிறது. கூடை நிறைய நிறையக் கயிறு தலையைப் பின்னால் இழுக்கும், அதற்கு ஈடுகொடுக்க அந்தப் பெண் முகவாயை முன்னே தள்ளி மேல்முதுகைக் கூனுவார். அந்தியில் அவர் கழுத்தின் பின்புறத்தைத் தேய்த்துக்கொண்டு நிற்பதன் காரணம் பெரும்பாலும் இதுவாகவே இருக்கிறது.

ஒரு நாள் பேருக்குக் கேட்கப்படும் கொழுந்தின் அளவு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். 16 கிலோ கேட்கும் தோட்டமும் உண்டு, 20 கிலோ கேட்கும் தோட்டமும் உண்டு. மழை நாளில் கொழுந்தோடு தண்ணீரும் சேர்ந்தே முதுகில் ஏறுகிறது. அட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை பக்கத்தில் தென்மேற்குப் பருவமழைக் காலத்திலும், பதுளை, பசறை பக்கத்தில் வடகீழ்ப் பருவமழைக் காலத்திலும் நிலம் வழுக்கும். அப்போது சுமையோடு இறங்கும் உடல் ஒவ்வோர் அடியிலும் இறுகிப்போகும். இவற்றையெல்லாம் கண்ணால் கண்டுவிட்டால், வலிக்குக் காரணம் அந்தப் பெண்ணின் அறியாமைதான் என்று பேச உங்களுக்கு மனம் வராது. சுமையின் அளவை அவர் தீர்மானிப்பதில்லை என்பதை ஒவ்வொரு வகுப்பிலும் நினைவில் வைத்திருங்கள்.

இரண்டாம் படி: நேரமும் இடமும்

அந்திக் கொழுந்து நிறுத்து முடிந்ததும் கூட்டம் வைக்காதீர்கள். அடுப்பும் பிள்ளைகளும் காத்திருக்கும் அந்த நேரத்தில் யாரும் மனம் ஒன்றிக் கேட்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், கோயில் மண்டபத்திலோ பிள்ளை மடுவத்திலோ (தோட்டத்தின் குழந்தைகள் பராமரிப்பு நிலையம்), பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேற்படாமல் சேர்ந்தால் போதும். ஆண்கள் இல்லாத இடமாக இருக்கட்டும். சேலையோடும் பாவாடையோடும் செய்யக்கூடிய அசைவுகளையே தெரிவு செய்யுங்கள்.

மூன்றாம் படி: வலியின் பெயரைக் கேளுங்கள்

பேசத் தொடங்குவதற்கு முன் கேளுங்கள். “இடுப்பு கடுக்குது” என்பவருக்கும், “பிடிச்சுக்கிட்டுது” என்பவருக்கும், “கால் வரைக்கும் இழுக்குது” என்பவருக்கும், “மரத்துப் போகுது” என்பவருக்கும் உள்ள தொல்லை ஒன்றல்ல. கடுப்பும் பிடிப்பும் பெரும்பாலும் தசையின் களைப்பினால் வருபவை. காலுக்குக் கீழ் வரை இழுப்பதும் மரத்துப்போவதும் நரம்பு நெருக்கப்படுவதைக் காட்டலாம். அவர்களை அசைவுப் பயிற்சிக்கு அவசரப்படுத்தாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

கர்ப்பிணிகள் யார், அண்மையில் பிள்ளை பெற்றவர்கள் யார் என்பதையும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு விஷயத்தைப் பெண்கள் கூட்டத்தில் சொல்லவே மாட்டார்கள். கர்ப்பப்பை இறங்கியிருப்பது, இருமும்போது சிறுநீர் கசிவது போன்றவற்றை ஆண்டுக்கணக்கில் மறைத்துக்கொண்டு சுமை தூக்குபவர்கள் இருக்கிறார்கள். “அடிவயிறு கனமாக இருக்கிறது, ஏதோ கீழே இறங்குவது போல இருக்கிறது” என்று ஒருவர் வாய் திறந்தால் அதை இடுப்பு வலி என்று கடந்துவிடாமல், குடும்பநல உத்தியோகத்தரிடம் (அரச மருத்துவ மாதுவிடம்) நீங்களே கூட்டிச் செல்லுங்கள்.

நான்காம் படி: தண்ணீர்க் கேனை வைத்து விளக்குங்கள்

முதுகெலும்பில் அசையக்கூடிய எலும்புகள் 24. கழுத்தில் 7, நெஞ்சுக்குப் பின்னால் 12, இடுப்பில் 5. கழுத்தின் உச்சியில் உள்ள முதல் இரண்டைத் தவிர, ஒவ்வோர் எலும்புக்கும் இடையில் மெத்தை போன்ற தட்டு ஒன்று இருக்கிறது. இவ்வளவு சொன்னால் போதும், மிச்சத்தைக் கேன் சொல்லட்டும்.

5 லீற்றர் கேன் ஒன்றில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் அதன் பாரம் 5 கிலோ என்று எல்லோருக்கும் விளங்கும். உடல்நிலை நன்றாக உள்ள ஒருவரை அதை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கச் சொல்லி, எல்லோரும் சேர்ந்து இருபது வரை எண்ணுங்கள். பிறகு அதே கேனைக் கைகளை முன்னே நீட்டிப் பிடிக்கச் சொல்லி எண்ணுங்கள். பெரும்பாலானவர்கள் பத்தைத் தாண்டுவதற்குள் தோள் நடுங்கி, இடுப்பைப் பின்னால் வளைக்கத் தொடங்கிவிடுவார்கள். தண்ணீரின் அளவு மாறவில்லை, தூரம் மட்டுமே மாறியிருக்கிறது. நீங்கள் விளக்குவதற்கு முன்பே யாராவது ஒருவர், “அப்ப கூடையும் ஒட்டிக்கிட்டு இருக்கணும்” என்று சொல்வார். அந்த வாக்கியம் அவர்கள் வாயிலிருந்தே வரும்வரை காத்திருங்கள்.

ஐந்தாம் படி: மட்டக்கம்பால் குனியக் கற்றுக்கொடுங்கள்

பறிக்கும் மட்டத்தைச் சமமாக வைத்துக்கொள்ளச் செடியின் மேல் வைக்கும் மட்டக்கம்பு அவர்கள் அனைவரிடமும் இருக்கிறது. அதைவிடச் சிறந்த கற்பித்தல் கருவியை நான் இன்னும் காணவில்லை. கம்பை முதுகோடு நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு கை கழுத்துக்குப் பின்னாலும் மறுகை இடுப்புக்குப் பின்னாலும் கம்பைப் பற்றியிருக்கட்டும். கம்பு பின்தலை, மேல்முதுகு, இடுப்புக்குக் கீழே உள்ள வால் எலும்பு ஆகிய மூன்று இடங்களில் தொட வேண்டும்.

இப்போது முழங்காலைச் சற்றே தளர்த்தி, பின்னால் ஒரு கதவு இருப்பதாகவும் அதைப் புட்டத்தால் தள்ளி மூடுவதாகவும் நினைத்துக் குனியச் சொல்லுங்கள். கம்பு மூன்று இடங்களையும் விட்டுப் பிரியாமல் இருந்தால், குனிவு முதுகில் நிகழாமல் தொடை எலும்பு சேரும் மூட்டில் நிகழ்கிறது என்று அர்த்தம். முதல் தடவையில் தலையிலிருந்து கம்பு விலகும், அல்லது முழங்கால் மட்டும் மடங்கி முதுகு அசையாமல் நிற்கும். திருத்தும்போது உடலைத் தொடுவதற்கு முன் அனுமதி கேளுங்கள். இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் குனிய மற்றவர் கம்பைப் பார்க்கும்படி விட்டால் விரைவில் பிடித்துக்கொள்வார்கள். அவசரம் வேண்டாம், முதல் நாள் வகுப்பில் பாதி நேரம் இதற்கே போகட்டும்.

குனிவு பழகிய பின் மலைக்குரிய மூன்று மாற்றங்களைச் சொல்லுங்கள். கையை எட்டி நீட்டுவதற்குப் பதிலாக ஓர் அடி எடுத்து வைப்பது, திரும்ப வேண்டுமானால் இடுப்பை முறுக்காமல் பாதத்தோடு சேர்த்து உடலையே திருப்புவது, நிரை மாறும்போது சரிவின் கீழ்ப்பக்கம் நிற்கும் காலையும் மாற்றிக்கொள்வது.

ஆறாம் படி: கூடையும் கயிறும்

கயிறு நெற்றியில் இறங்கினால் கழுத்து தனியாக இழுபடும். உச்சந்தலைக்குச் சற்று முன்னால் அது அமர வேண்டும். கயிற்றுக்கு அடியில் பழைய துணியை நான்காக மடித்து நாலு விரல் அகலத்துக்கு வைத்தால், பாரம் ஒரே கோட்டில் அழுந்தாமல் பரவும். கயிற்றின் நீளத்தைக் குறைத்து, கூடை புட்டத்தில் இடிக்காமல் முதுகோடு ஒட்டி நிற்கும்படி முடிச்சுப் போடச் சொல்லுங்கள். ஒவ்வொருவருடைய உயரத்துக்கும் அந்த முடிச்சு வேறுபடும் என்பதால், வகுப்பில் ஒருவர் விடாமல் முடிந்து பார்க்க வேண்டும்.

நிறைந்த கூடையைத் தரையிலிருந்து தலையால் வெட்டி எழுப்புவது கழுத்துக்கு மிகவும் கெடுதல். கல்லின் மேலோ மேட்டின் மேலோ கூடையை வைத்து, கயிற்றைத் தலையில் மாட்டி, முழங்காலை மடித்து எழ வேண்டும். பக்கத்து நிரையில் இருப்பவர் கூடையின் அடியில் கை கொடுத்தால் இன்னும் நல்லது. வசதி உள்ள இடங்களில், கூடை முழுவதும் நிறையும் வரை காத்திருக்காமல் இடையிலேயே சாக்கில் கொட்டிவிடலாம். நிறுவைத் தடவைகளைக் கூட்டுவதற்கும் கொழுந்து நிறுக்கும் மடுவத்தைக் கிட்டத்தில் வைப்பதற்கும் நிர்வாகத்திடம் கேட்பதும் முதுகுப் பராமரிப்பைச் சேர்ந்ததுதான். அதைப் பெண்கள் கூட்டாகக் கேட்கும்போது நீங்களும் உடன் செல்லுங்கள்.

ஏழாம் படி: வீட்டு வேலைகள்

இதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனெனில் குனியும் முறை பழகியவர்கள் மற்றதைத் தாங்களே பொருத்திக்கொள்வார்கள். தண்ணீர்ப் பீலியிலிருந்து ஒரு கையில் 20 லீற்றர் கேனைத் தூக்குவதை விட, இரு கைகளிலும் 10 லீற்றர் கேன்களாகப் பிரித்துத் தூக்குவது நல்லது. விறகுக் கட்டைச் சிறிதாக்கி இரண்டு நடையாகக் கொண்டுவரலாம். பிள்ளையை எப்போதும் ஒரே இடுப்பில் வைக்காமல் பக்கம் மாற்ற வேண்டும்.

அதிகாலை வேளையை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். இரவு படுத்திருக்கும்போது முதுகுத் தட்டுகள் நீரை உறிஞ்சிச் சற்று உப்பியிருக்கும். அதனால் எழுந்த முதல் அரை மணி நேரத்தில் ஆழமாகக் குனிவதும் பாரம் தூக்குவதும் அவற்றை அதிகம் நெருக்கும். நான்கு மணிக்கு எழுந்தவுடன் தரையடுப்பின் முன் குனிந்து ஊதுவதை விட, பலகை போட்டு உட்கார்ந்து ஊதலாம். வீடு கூட்டுவதையும் குடம் தூக்குவதையும் தேத்தண்ணி குடித்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

எட்டாம் படி: அசைவுகள்

மலையில் நின்றபடியே செய்யக்கூடியவை மூன்று. கூடையை இறக்கி வைத்துவிட்டு, இரு கைகளையும் இடுப்பில் ஊன்றி மெதுவாகப் பின்னால் வளைந்து திரும்புவதை 5 முறை செய்ய வேண்டும். தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் ஒன்றோடொன்று சேர்ப்பது போல நெருக்கி 5 விநாடி பிடிப்பது அடுத்தது. முகத்தைத் தாழ்த்தாமல் முகவாயை மட்டும் உள்ளிழுத்து விடுவது மூன்றாவது. மணிக்கொரு தடவை செய்தாலும் ஒரு நிமிடம்தான் ஆகும்.

வீட்டில் பாயில் படுத்துச் செய்ய இரண்டு போதும். முழங்கால்களை மடித்துப் படுத்து, புட்டத்தைத் தரையிலிருந்து மெல்ல உயர்த்தி இறக்குவதை 8 முதல் 10 முறை செய்யலாம். பிறகு ஒவ்வொரு முழங்காலாக நெஞ்சுக்கு அணைத்து 10 விநாடி பிடிக்கலாம். கர்ப்பத்தின் பிந்திய மாதங்களில் மல்லாந்து படுத்துச் செய்யும் எதையும் கற்றுக்கொடுக்க வேண்டாம். சிறுநீரை அடக்குவது போல அடித்தசையை 5 விநாடி இறுக்கித் தளர்த்துவதை நாளுக்கு மூன்று வேளை பத்துப் பத்து முறை செய்வது எல்லாப் பெண்களுக்கும் பயன்படும். அதைச் சிறுநீர் கழிக்கும்போது செய்யக் கூடாது.

சித்தாலேப என்ற வலித்தைலம் தேய்ப்பதையோ வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதையோ தடுக்காதீர்கள், சூடு தசைக்கு இதமானது. ஆனால் வலி வந்துவிட்டால் நாட்கணக்கில் படுத்தே இருக்க வேண்டும் என்ற நம்பிக்கையை மாற்ற வேண்டும். சாதாரண இடுப்பு வலி சில வாரங்களில் தணியும், மெல்ல நடமாடிக்கொண்டிருப்பவர்களுக்கு அது விரைவில் தணியும்.

ஒன்பதாம் படி: காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போவது அல்லது சிறுநீர் வெளியேறாமல் அடைத்துக்கொள்வது, தொடைகளுக்கு இடையில் உணர்வு இல்லாமல் போவது, கால் வலுவிழந்து பாதம் இழுபடுவது, சரிவில் விழுந்தபின் கடும் வலி ஏற்படுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். லயம் வரை பாதை இல்லாவிட்டால் எந்தச் சந்தியில் நிற்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல், நீடித்த இருமல், காரணமின்றி உடல் மெலிதல், இரவில் படுத்தாலும் ஓயாத வலி என்பனவும் மருத்துவர் பார்க்க வேண்டியவை. விலாவுக்குக் கீழே ஒரு பக்கம் வலித்து, சிறுநீர் எரிந்து காய்ச்சலும் இருந்தால் அது சிறுநீரகத் தொற்றாக இருக்கலாம். மலையில் மலசலகூடம் இல்லாததால் பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்களுக்கு இதன் ஆபத்து கூடுதல் என்பதை வெளிப்படையாகப் பேசுங்கள்.

பத்தாம் படி: இரண்டு வாரம் கழித்துத் திரும்பிப் போங்கள்

இரண்டாவது வகுப்பில் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்காதீர்கள். “எது முடிந்தது, எது முடியவில்லை?” என்று மட்டும் கேளுங்கள். ஒரு தோட்டத்தில் அக்கா ஒருவர், மடித்த துணி மழையில் ஊறி வழுக்குகிறது என்று சொல்லி, அதன் மேல் உரச்சாக்கின் ஒரு துண்டைத் தைத்துக் கொண்டுவந்து காட்டினார். நான் கற்றுக்கொடுத்ததை விட அது நல்ல முறையாக இருந்ததால், அன்று முதல் எல்லா வகுப்பிலும் அதையே காட்டுகிறேன். அன்றைய வகுப்பில் மட்டக்கம்பை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டேன்.